ஏரிக்கரையில் நின்றது யார்

என் அலமாரியில் ஹாரி பாட்டர் புத்தகங்கள் எட்டு இருக்கின்றன. அதில் ஏழு உப்பிப்போனவை. 2015 நவம்பர் மழையில் கெடிலத்துத் தண்ணீர் எங்கள் தெருவுக்குள் புகுந்து, படியேறி, வீட்டுக்குள் முழங்கால் அளவுக்கு நின்றது. அரிசி மூட்டை, தையல் மிஷின், அம்மாவின் பட்டுப்புடவைகள் இருந்த டிரங்குப் பெட்டி என்று எல்லாவற்றையும் கட்டில் மேல் ஏற்றினோம். கீழ்த்தட்டுப் புத்தகங்கள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கே வரவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால், ஏழும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாகக் கிடந்தன.

ஐந்தாவது புத்தகத்துக்கு 766 பக்கம். அதுதான் அதிகமாகத் தண்ணீர் குடித்திருந்தது. பத்துப் பக்கத்துக்கு ஒன்றாகச் செய்தித்தாள் துண்டுகளைச் செருகி, மேலே அம்மிக் குழவியை வைத்து அழுத்தி, கரண்ட் வந்ததும் மின்விசிறிக்கு அடியில் விரித்து வைத்து, ஒரு வாரம் அதோடேயே கிடந்தேன். பிழைத்துக்கொண்டது. ஆனால் ஒரு பக்கத்தில் நகைக்கடை விளம்பரத்தின் மை ஏறிவிட்டது. ‘செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை’ என்ற வரி கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறி, ஹாரி பேசும் வசனத்தின் மேலேயே படிந்திருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திறந்தால் இன்றைக்கும் ஆற்றுச் சேறு மணக்கும்.

எட்டாவது புத்தகம் மட்டும் நேராக, நறுக்கென்று நிற்கிறது. ‘ஹாரி பாட்டர் அண்ட் த கர்ஸ்ட் சைல்ட்’. 2016 ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை வாங்கியது. இரண்டு முறை படித்தேன். அதற்குப் பிறகு தொடவில்லை, போன மாதம் வரைக்கும்.

அந்தப் புத்தகத்தின் மேல் எனக்கிருக்கும் வருத்தத்தை இத்தனை வருஷமாக அரைகுறையாகவே சொல்லி வந்திருக்கிறேன். யாராவது கேட்டால் “நல்லா இல்லை, விடுங்க” என்று முடித்துவிடுவேன். நல்லா இல்லாத புத்தகங்கள் நிறையப் படித்திருக்கிறேன். அவையெல்லாம் வலிக்கவில்லை, இது வலித்தது. ஏன் என்பதைச் சொல்ல வேண்டுமானால் முதல் புத்தகத்திலிருந்து வர வேண்டும்.

அப்பா மஸ்கட்டில் வேலை பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு மாத லீவு. 2002இல் வந்திருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப் போனார். மகாத்மா காந்தி சாலையில் ஞாயிறு சந்தை. பழைய துணி, செருப்பு, பாத்திரம் எல்லாம் தாண்டி, தரையில் தார்ப்பாய் விரித்துப் புத்தகம் போட்டிருந்தார்கள். அதில் முதல் புத்தகம் கிடைத்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. “இங்கிலீஷ் நல்லா வரும், படி” என்றார் அப்பா. அவருக்கு அது மந்திரவாதக் கதை என்பதுகூடத் தெரியாது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் படித்தேன். அதற்குள் அப்பா திரும்பிப் போய்விட்டார்.

மூன்றாவது புத்தகம் படிக்கும்போது எனக்குப் பதின்மூன்று. ஹாரிக்கும் அதில் பதின்மூன்று.

படித்தவர்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். ஏரிக்கரையில் ஹாரியையும் அவனுடைய ஞானத்தந்தை சிரியஸையும் டிமென்டர்கள் சூழ்ந்துகொள்கின்றன. மகிழ்ச்சியையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிடும் உருவங்கள். ஹாரி மயங்கி விழப்போகும் நேரத்தில் எதிர்க்கரையில் யாரோ நிற்பது தெரிகிறது. அங்கிருந்து ஒளியாலான ஒரு மிருகம் பாய்ந்து வந்து எல்லாவற்றையும் விரட்டுகிறது. நின்ற ஆள் யார்? தன் அப்பா போலவே இருந்தது என்று நினைக்கிறான் ஹாரி. அவன் ஒரு வயதுக் குழந்தையாக இருந்தபோதே செத்துப்போன அப்பா. பிறகு தோழி ஹெர்மயனியின் டைம்டர்னரை வைத்து மூன்று மணி நேரம் பின்னால் போகிறார்கள். எதிர்க்கரையில் புதருக்குப் பின்னால் நின்று ஹாரி காத்திருக்கிறான், அப்பாவைப் பார்த்துவிடலாம் என்று. அக்கரையில் உயிர் போய்க்கொண்டிருக்கிறது, போவது அவனுடைய உயிரே. யாரும் வரவில்லை. அப்போதுதான் அவனுக்குப் புரிகிறது. பார்த்தது அப்பாவை இல்லை, தன்னைத்தான். வெளியே வந்து மந்திரத்தைச் சொல்கிறான். வருவது ஒரு கலைமான், அவன் அப்பா மந்திரத்தால் எடுத்துக்கொண்ட உருவம்.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து அதைப் படித்தேன். அழுதேன் என்று சொன்னால் போதாது. அப்பா வருவார் வருவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அந்தக் காட்சி என்ன செய்யும் என்பதை அனுபவித்தவர்கள்தான் அறிவார்கள்.

அந்தக் காட்சிக்குள் ஒரு சட்டம் இருக்கிறது. காலத்தில் பின்னால் போனாலும் நடந்ததை மாற்ற முடியாது. ஹாரி முதல் தடவை மயங்கி விழுந்தபோதே இரண்டாவது ஹாரி எதிர்க்கரையில் நின்றுகொண்டிருந்தான். பக்பீக் என்ற பிராணியைக் கொல்லும் கோடாரிச் சத்தம் முதலில் கேட்டபோதும் அது சாகவில்லை, அப்போதே தப்பித்திருந்தது. எதுவும் மாறவில்லை, நமக்குத் தெரியாமல் இருந்தது தெரியவந்தது, அவ்வளவுதான். ஏற்கெனவே செய்துவிட்டோம் என்று தெரிந்ததால்தான் ஹாரியால் அந்த மந்திரத்தைச் செய்ய முடிகிறது. இந்தச் சட்டம் இல்லையென்றால் அந்தக் காட்சியே இல்லை.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருகிறேன்.

2011 டிசம்பர் 30ஆம் தேதி விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. எங்கள் தெருவில் நின்ற மரம் ஒன்றுகூட மிச்சமில்லை. கரண்ட் வரப் பதினேழு நாள் ஆனது. சித்தி வீட்டில் கூரை போய்விட்டதால் சித்தியும் தம்பியும் எங்கள் வீட்டில் இருந்தார்கள். தம்பிக்கு அப்போது எட்டு வயது. ராத்திரியானால் இருட்டும் கொசுவும் தவிர வேறொன்றும் இல்லை. “கதை சொல்லுக்கா” என்றான். மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து முதல் புத்தகத்தை ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் எதிர்வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். ஒரு வாரத்தில் திண்ணை நிறைந்துவிட்டது. பதினேழு ராத்திரியில் ஏழு புத்தகத்தையும் தமிழில் சொல்லி முடித்தேன்.

அந்தப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வராது. அதனால் பெயர்களை நானே வைத்தேன். டிமென்டருக்கு உயிருறிஞ்சி. பறந்து திரியும் தங்கப் பந்துக்குத் தங்கத்தும்பி. டைம்டர்னருக்கு நாழிகைச் சங்கிலி. ஹார்க்ரக்ஸ் என்றால் என்ன என்று விளக்கத்தான் பயந்தேன். ஹாரியின் அப்பா அம்மாவைக் கொன்ற மந்திரவாதி வால்டமார்ட் தன் உயிரைத் துண்டு போட்டு மோதிரத்தில், கோப்பையில், பாம்பில் ஒளித்து வைக்கிறான் என்று ஆரம்பித்ததுமே எதிர்வீட்டுப் பெண் “ஏழு கடல் ஏழு மலை தாண்டி கிளிக்குள்ள உயிர வெச்சிருப்பானே, அதானக்கா?” என்றாள். அதேதான்.

அதனால் இந்தக் கதை எனக்கு வெறுமனே படித்த கதை இல்லை. என் வாயால் சொன்ன கதை. திண்ணையில் ஒன்றைச் சொல்லிவிட்டு மறுநாள் மாற்றிச் சொன்னால் பிள்ளைகள் விட மாட்டார்கள்.

ஏழாவது புத்தகம் 2007 ஜூலை 21இல் வந்தது. லண்டனில் நள்ளிரவு தாண்டி ஒரு நிமிஷம், நமக்கு விடியற்காலை நாலு முப்பத்தொன்று. அப்போது பிளஸ் டூ. அதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். கடைசி அத்தியாயத்தில் பத்தொன்பது வருஷம் கழித்து ஹாரி தன் மகன் ஆல்பஸை ரயிலேற்றிவிடுகிறான், எல்லாம் நலம். நிம்மதியாக மூடி வைக்கிற முடிவு அது.

ஒன்பது வருஷம் கழித்து இன்னொன்று வருகிறது என்றார்கள். நாவல் இல்லை, நாடகப் பிரதி. ஜே. கே. ரௌலிங், ஜான் டிஃபனி, ஜாக் தார்ன் மூவரும் சேர்ந்து கதை யோசிக்க, நாடகமாக எழுதியவர் ஜாக் தார்ன். லண்டன் பேலஸ் தியேட்டரில் ஜூலை 30 அரங்கேற்றம், மறுநாள் ஹாரியின் பிறந்தநாளன்று புத்தகம். ‘எட்டாவது கதை’ என்று சொல்லியே விளம்பரம் செய்தார்கள். நான் அப்போது புதுச்சேரியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு கடையில் இரண்டு மாதம் முன்பே பணம் கட்டி வைத்தேன். அன்று காலை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் என்று ஒவ்வொரு நிறுத்தமும் நின்று நின்று போனது. கடைக்காரர் ஏழு மணிக்குக் கதவைத் திறந்தார். வாசலில் ஏற்கெனவே பத்துப் பதினைந்து பேர். பாதிப்பேர் என் வயசுக்காரர்கள், ஒருவர் கைக்குழந்தையோடு வந்திருந்தார். யாரும் யாரையும் தெரியாது, ஆனாலும் கல்யாண வீட்டில் பார்த்துக்கொள்வது போலச் சிரித்துக்கொண்டோம்.

பாரதி பூங்காவில் ஆயி மண்டபத்துக்கு எதிரே ஒரு பெஞ்ச் பிடித்து உட்கார்ந்தேன். நாடகம் என்பதால் வேகமாகப் போனது, நான்கு அங்கங்கள். மதியம் இரண்டு மணிக்கு முடித்துவிட்டேன். காலையிலிருந்து ஒரு டீ தவிர ஒன்றும் சாப்பிடவில்லை, பசியும் தெரியவில்லை. பேக்கில் வைத்துக்கொண்டு கடற்கரைச் சாலை வரைக்கும் நடந்தேன். கருங்கல் மேல் அலை அடிப்பதைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன்.

கதை இதுதான். ஹாரியின் மகன் ஆல்பஸ் ஸ்லிதரின் அணியில் சேர்கிறான். அவனுடைய ஒரே நண்பன், ஹாரியின் பழைய பள்ளி எதிரி மால்ஃபாயின் மகன் ஸ்கார்பியஸ். நான்காவது புத்தகத்தில் அநியாயமாகக் கொல்லப்பட்ட பள்ளி மாணவன் செட்ரிக்கைக் காப்பாற்றுகிறோம் என்று இரண்டு பையன்களும் ஒரு புது நாழிகைச் சங்கிலியைத் திருடிக்கொண்டு காலத்தில் பின்னால் போகிறார்கள். ஒவ்வொரு முறை போய் வரும்போதும் உலகம் மாறியிருக்கிறது.

அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் தம்பி பிடித்துக்கொண்டான். அவனுக்குப் பதின்மூன்று வயது ஆகியிருந்தது. “சொல்லுக்கா, அப்புறம் என்னாச்சு?” சொல்ல ஆரம்பித்தேன். சங்கிலி வரும் இடத்திலேயே நிறுத்தினான்.

“இருக்கா. சங்கிலியெல்லாம் அஞ்சாவதுலயே ஒடஞ்சு போச்சுன்னு நீதான சொன்ன? அந்த மந்திரி ஆபீஸ் சண்டையில?”

“ஆமாண்டா. இது புதுசா ஒருத்தன் செஞ்சு வெச்சிருந்தானாம்.”

“சரி. பின்னாடி போயி எப்பிடி மாத்துனாங்க? மாத்த முடியாதுன்னு சொன்னியே. மாத்த முடியும்னா, அன்னிக்கு ஏரியில ஹாரிய காப்பாத்துனது யாரு?”

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எட்டு வயதில் கேட்டதை அவன் அட்சரம் பிசகாமல் வைத்திருந்தான். எழுதியவர்கள் வைத்திருக்கவில்லை.

என் வருத்தத்தின் வேர் இதுதான். கதையில் ஓட்டை இருக்கிறது என்பதில்லை. எல்லாக் கதையிலும் ஓட்டை உண்டு. ரயிலில் தின்பண்டம் விற்கும் பாட்டி திடீரென்று கைகளைக் கூர்முனைகளாக்கிக்கொண்டு பையன்களைத் துரத்துகிறாள், பூசணிக்காய்ப் பலகாரத்தை வெடிகுண்டாக வீசுகிறாள். அதைக்கூடப் படித்துவிட்டுத் தாண்டிப் போய்விடலாம். நாழிகைச் சங்கிலி அப்படி இல்லை. போனால் உலகத்தையே மாற்றிவிடலாம் என்றால், மூன்றாவது புத்தகத்தின் ஏரிக்கரை பின்னோக்கி ஆட்டம் காண்கிறது. ‘ஏற்கெனவே நடந்துவிட்டது, நான்தான் செய்தேன்’ என்று ஒரு பையன் தன்னைத்தானே கண்டுகொண்ட இடம், தற்செயலாக அந்தத் தடவை அப்படி அமைந்தது என்று ஆகிவிடுகிறது. புதிதாக வந்த கதை எப்படியிருந்தாலும் அது தன்னோடு போகட்டும். என்னிடம் ஏற்கெனவே இருந்ததில் கை வைத்தால் நான் என்ன செய்வது?

அடுத்தது செட்ரிக். இதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை. மூன்றாவது புத்தகத்தில் உயிருறிஞ்சிகளால் ஹாரி பறக்கும் துடைப்பத்திலிருந்து விழுந்து, ஆட்டம் செட்ரிக் பக்கம் போகும்போது, இது நியாயமில்லை, திரும்ப ஆடலாம் என்று கேட்டவன் அவன். நான்காவதில், மந்திரப் பள்ளிகளுக்கு நடுவே நடக்கும் போட்டியில், கோப்பையை நீயே எடுத்துக்கொள் என்று ஹாரியிடம் விட்டுக்கொடுத்து, கடைசியில் இருவரும் சேர்ந்து தொட்டதால் செத்தவன். அந்தப் போட்டியில் தோற்பதற்கு அவன் பயந்ததாக ஒரு வரி கிடையாது. இந்த நாடகத்தில், இரண்டாவது சுற்றில் அவனைப் பலூன் மாதிரி ஊதவைத்து எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்திவிடுகிறார்கள். அந்த அவமானத்தால் அவன் வால்டமார்ட்டின் அடியாளாகி, பாம்பை வெட்ட வேண்டிய நெவிலைக் கொன்று, அதனால் அந்தப் பாம்பு சாகாமல், அதனால் வால்டமார்ட்டே ஜெயித்துவிட்டான் என்று போகிறது. ஒரு நாள் ஊர் சிரித்ததற்காகக் கொலைகாரனாகிறவன் செட்ரிக் இல்லை. அந்தப் பெயரில் வேறு யாரோ.

ஹெர்மயனிக்கு நடந்ததும் அப்படித்தான். காலம் முதல் தடவை மாறும்போது அவளுக்கும் ஹாரியின் நண்பன் ரானுக்கும் கல்யாணம் ஆகாமல் போகிறது. அதனால் என்ன ஆகிறாள்? பிள்ளைகளைக் கரித்துக்கொட்டும் வாத்தியாரம்மா ஆகிறாள். பத்து ஆளுக்குச் சமமான மூளைக்காரி, அடிமைகளாக உழைக்கும் வீட்டு எல்ஃப்களின் விடுதலைக்காகத் தனியாளாக இயக்கம் நடத்தியவள், ஒருவனைக் கட்டிக்கொள்ளாததால் கசந்துபோவாளா? எங்கள் தெருவிலேயே கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்ட டீச்சர் ஒருவர் இருந்தார். சனிக்கிழமையானால் அவர் வீடு முழுக்கப் பிள்ளைகள்தான். எனக்கு அகராதி பார்க்கச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான்.

அந்த மாறிய காலத்தில் ரான் பத்மா பாட்டீலைக் கட்டிக்கொண்டிருக்கிறான். பாட்டீல் என்பது மராட்டியக் குடும்பப் பெயர். அவர்கள் பையனுக்குப் பெயர் பஞ்சு. நம்மூரில் பஞ்சநாதனையும் பஞ்சாபகேசனையும் செல்லமாக அப்படிக் கூப்பிடுவோம். மராட்டிப் பெண்ணுக்கும் இங்கிலீஷ்காரனுக்கும் பிறந்த குழந்தைக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? இந்தியாவில் இத்தனை லட்சம் பேர் இந்தக் கதையைப் படித்து வளர்ந்திருக்கிறோம், ஒருவரிடமாவது கேட்டிருக்கலாம்.

அப்புறம் வால்டமார்ட்டுக்கு மகள். அவனுடைய அடியாள் பெல்லாட்ரிக்ஸ் பெற்றவளாம், டெல்ஃபி என்று பெயர். இந்த இடத்தில்தான் எழுதியவர்கள் வால்டமார்ட்டையே மறந்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. அவனுடைய பெயர், படிப்பு, கொலைகள் எல்லாம் ஒன்றே ஒன்றுக்காகத்தான், சாகக் கூடாது என்பதற்காக. அதற்காகத்தானே உயிரைத் துண்டு துண்டாக வெட்டி ஒளித்தான். சாகவே போவதில்லை என்று இருப்பவனுக்கு வாரிசு எதற்கு? திண்ணையில் கிளிக்கதை சொன்ன அந்தப் பெண்ணிடம் கேட்டிருந்தால், கிளிக்குள் உயிரை வைத்த மந்திரவாதிக்குப் பிள்ளைகுட்டி இருந்ததாக ஒரு பாட்டியும் சொன்னதில்லை என்று சொல்லியிருப்பாள்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எனக்குத் தூக்கம் வராது. ஸ்கார்பியஸ் அருமையான பிள்ளை. ஊரே அவன் பிறப்பைப் பற்றிக் கேவலமாகப் பேசுகிறது, அம்மா செத்துப்போகிறாள், இருந்தும் அவனிடம் துளி விஷம் இல்லை. வால்டமார்ட் ஜெயித்த உலகத்தில் அவன் மட்டும் தனியாக மாட்டிக்கொள்ளும் பகுதி, பழைய புத்தகங்களில் இருந்திருந்தாலும் எடுபட்டிருக்கும். கடைசிக் காட்சியும் பிடிக்கும். செட்ரிக்கின் கல்லறைக்குப் பக்கத்தில் நின்று, உனக்கு அப்பாவாக இருப்பதற்குத்தான் எனக்குப் பயம் என்று ஹாரி மகனிடம் சொல்கிறான். பார்த்துக் கற்றுக்கொள்ள அவனுக்கு அப்பா இருந்ததில்லையே. முன்னால் ஒரு சண்டையில், நீ என் மகனாக இல்லாமலிருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்திருக்கிறேன் என அவன் கத்தியதை நிறையப் பேர் மன்னிக்கவில்லை. நான் மன்னித்தேன். வருஷக்கணக்கில் பிரிந்திருந்துவிட்டு வீட்டோடு வந்த அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் என்னென்ன சொல்லிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

அந்த வாரம் ஆடித் திருவிழாவுக்குப் பெரியப்பா ஊருக்குப் போனேன். பண்ருட்டிப் பக்கம், திரௌபதி அம்மன் கோயில் இருக்கும் ஊர். பெரியப்பா இளவயதில் கூத்தில் பின்பாட்டுப் பாடியவர். தானே புயலில் சாய்ந்த முந்திரிக்குப் பதிலாக விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து ஒட்டுக் கன்றுகளை நட்டு, அப்போதுதான் அவை காய்ப்புக்கு வந்திருந்தன.

“என்னா பாப்பா, சாவு வீட்டுக்குப் போய்ட்டு வந்தவ மாதிரி மூஞ்சிய வெச்சிருக்க?” என்றார்.

செட்ரிக் கதையை முழுசாகச் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

“நாடகம்ங்கிற. நீ பாத்தியா?”

“இல்ல பெரியப்பா, லண்டன்ல போடுறாங்க. எழுதுனதத்தான் புஸ்தகமா வித்தாங்க.”

“அப்ப நீ கூத்து நோட்டத்தான் படிச்சிருக்க. மத்தளம் இல்ல, முகவீண இல்ல, வேஷம் இல்ல.”

நியாயம்தான். மறுவருஷம் அந்த நாடகம் லண்டனில் ஒன்பது ஆலிவியர் விருதுகள் வாங்கியது, அதற்கு முன் எந்த நாடகமும் அத்தனை வாங்கியதில்லை. மேடையில் பார்த்தவர்களுக்கு அது வேறு ஏதோ ஒன்றைக் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் பெரியப்பா அத்தோடு விடவில்லை.

“ராத்திரி கர்ண மோட்சம். முழுசும் பாத்துட்டுப் பேசலாம் வா.”

பத்து மணிக்கு மேல் ஆரம்பித்தது. திரைக்குப் பின்னால் நின்று பாடிக்கொண்டே கர்ணன் வந்தான், கண்ணாடிச்சில் பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் பெட்ரோமாக்ஸ் இல்லாத காலத்திலும் டியூப்லைட்டில் அப்படி மின்னின. கட்டியங்காரன் முந்திரி விலையையும் பண்ருட்டி பஸ்ஸையும் இழுத்து வைத்துப் பேசினான், சனம் சிரித்தது. நடுராத்திரிக்குப் பிறகு, போருக்குப் போகுமுன் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். தேரோட்டி மகன் என்று சொல்லி அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நாளைக்குச் சாகப்போகிறவன் வாசலில் நிற்கிறான். அவன் யார் என்ற உண்மை தெரிந்து அவள் கதறும்போது எனக்குப் பக்கத்தில் இருந்த பாட்டி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். எனக்கும் தாங்கவில்லை.

விடிந்ததும் டீக்கடை வாசலில் பெரியப்பா சொன்னார். “பொன்னுருவி வியாசர்ட்ட கெடையாதும்மா. நம்மாளுங்க சேத்தது. இடைச்செருகல்தான். யாராச்சும் சண்டைக்கு வந்தாங்களா? கர்ணன ஊரே பொறப்பச் சொல்லிக் குத்துது. அப்ப வீட்டுக்குள்ள மட்டும் சும்மா வுடுமா? கர்ணன் அங்கயும் கர்ணனாத்தான் நிக்கிறான், திட்டு வாங்கிக்கினு நிக்கிறான். நீ சொல்ற பையன அப்பிடியா செஞ்சிருக்காங்க?” டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தோப்புப் பக்கம் கையைக் காட்டினார். “முந்திரி மேல முந்திரிதான ஒட்டு வெக்கிறேன்.”

நோட்டைப் பற்றியும் அன்றைக்கே கேட்டேன். அவரிடம் கர்ண மோட்சம் கைப்பிரதி ஒன்று இருக்கிறது, கட்டம்போட்ட பழைய கணக்கு நோட்டு. மத்தளம் இல்லாமல், வேஷம் இல்லாமல், பகல் வெளிச்சத்தில் பொன்னுருவி பகுதியைப் படித்தேன். எழுத்துப்பிழைகளோடு, வெற்றிலைக் கறையோடு, அப்போதும் தொண்டை அடைத்தது.

அதற்குப் பிறகுதான் எட்டாவதை இரண்டாம் முறை படித்தேன், ஏதாவது தவறவிட்டிருப்பேனோ என்று. ஸ்கார்பியஸை இன்னும் கொஞ்சம் பிடித்தது. மற்றதெல்லாம் அப்படியேதான் இருந்தது.

போன மாதம் வீடு மாற்ற வேண்டி வந்தது. ஏழும் உப்பியிருப்பதால் எட்டாவதைச் சேர்த்து வைத்தால் பெட்டி மூட மாட்டேன் என்றது. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்சேரி சந்தைக்குப் போனேன். தார்ப்பாய் விரித்துப் புத்தகம் போட்டிருந்தவர் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

“புதுசாட்டம் இருக்கே, படிக்கவே இல்லீங்களா?”

“படிச்சேண்ணே. ரெண்டு தடவ.”

விலை பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் குத்துக்காலிட்டுத் தேடிக்கொண்டிருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். பள்ளிக்கூடப் பிள்ளை, ஏழாவதோ எட்டாவதோ படிப்பாள். அவள் அப்பா ஸ்கூட்டியில் சாய்ந்து நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஹாரி பாட்டரா அக்கா? எனக்குக் குடுங்களேன்.”

“மத்ததெல்லாம் படிச்சிட்டியா?”

“மூணு படிச்சேன். மூணாவது போன வாரம்தான் முடிச்சேன்.”

“ஏரிக்கரை வந்திருச்சா?”

அவள் பதில் சொல்லவில்லை. கையில் இருந்த புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

கடைக்காரரிடமிருந்து எட்டாவதை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். நானும் அவள் பக்கத்தில் தார்ப்பாய் ஓரமாக உட்கார்ந்தேன். நாலாவது தடியாக இருக்கும், அடியில்தான் கிடக்கும் என்று சொன்னேன். அவள் அந்தப் பக்கக் குவியலை எடுத்துக்கொண்டாள், நான் இந்தப் பக்கக் குவியலை.